மூளையின் குருதிச் சேமம்

உடலின் நலத்தை அறிய இருவகைக் கேள்விகளைக் கேட்கலாம். இன்றைய வேலை நடைபெறுகின்றதா என்பது ஒன்று. நாளை வேலை மிகுந்தால் தாங்குமா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை எளிது; கண்ணாற் கண்டே கூறிவிடலாம். இரண்டாவதற்கு விடை காண வேண்டுமாயின், உறுப்பைச் சற்றே உழைக்க வைத்துப் பார்த்தல் வேண்டும். மூளைக்குப் பாயும் குருதியைப் பற்றி இந்த இரண்டாம் கேள்வியைக் கேட்கும் மருத்துவச் சோதனை ஒன்று உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது மருத்துவர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் மக்களிடையே பக்கவாதம் அறியாத குடும்பம் குறைவு. நோய் வந்து படுக்கையில் விழுவதற்கு முன்னரே சிலர்க்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கின்றது. ஒரு கை பத்து நிமிடம் மரத்துப் போகும். அல்லது நாக்குக் குழறும். பின்னர் யாவும் சீராகிவிடும். “காற்றுப் பிடித்தது; எண்ணெய் தேய்த்தேன், போய்விட்டது” என்று கூறி மறுநாள் வேலைக்குச் செல்வார்கள். போனது எது, எஞ்சியிருப்பது எது என்பதே நம் ஆராய்ச்சிக்கு உரிய பொருள்.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘ரிசர்வ்’ என வழங்கும் சொல்லை ‘இருப்பு’ என்றும் ‘கையிருப்பு’ என்றும் எழுதுவோர் உளர். அரிசி இருப்பு, பண இருப்பு என்னுமிடத்துப் பண்டம் ஓரிடத்தில் குவிந்து கிடக்கின்றது. மூளையிலோ குருதி அவ்வாறு குவித்து வைக்கப்படுவதில்லை. அங்குக் குருதியோட்டம் நின்றுவிட்டால் ஏறத்தாழப் பத்து நொடியில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் உயிரணுக்கள் மடியத் தொடங்கும். ஆகலின் இங்குக் குறிக்க வேண்டுவது பண்டத்தை அன்று. தேவை நேரும்போது ஓட்டத்தைப் பெருக்கிக்கொள்ளும் ஆற்றலையே.

இதற்குப் பொருத்தமான சொல் நம் பழைய நூலிலேயே உள்ளது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டியைக் காட்டுகிறார். மேடு பள்ளங்களில் ஓடும் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக வண்டியின் அடியில் வேறோர் அச்சைக் கட்டிச் செல்வர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். வழி நன்றாக இருக்கும்வரை அது கண்ணிற் படுவதில்லை. அது இல்லாத வண்டியும் உள்ள வண்டியும் ஒன்றுபோலவே ஓடும். இக்கருத்துப் பற்றியே ‘குருதிச் சேமம்’ என்ற தொடரை இக்கட்டுரையில் ஆள்கின்றேன்.

மூளையின் தேவை

வளர்ந்த ஒருவரின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுடையது. உடல் எடையில் 2 விழுக்காடே. ஆயினும் ஓய்வாக இருக்கையில் உடல் கொள்ளும் உயிர்வளியில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை மூளை ஒன்றே செலவிடுகின்றது. 100 கிராம் மூளைக்கு நிமிடந்தோறும் ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் குருதி வேண்டும். முழு மூளைக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் நிமிடத்திற்கு 700 மில்லிலிட்டர் ஆகும்.

மூளை உழைக்கும்போது அதற்குப் பாயும் குருதி மாறும் என்பதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலிய அறிஞர் ஆஞ்செலோ மோசோ கண்டார். மண்டையோட்டில் காயத்தால் திறப்பு ஏற்பட்டிருந்த ஒருவரிடம் அவர் ஒரு பெருக்கல் கணக்கைக் கொடுத்தார். மனக்கணக்குப் போடும்போது அத்திறப்பில் மூளையின் துடிப்பு மிகுந்தது. வகுப்பில் வாய்பாடு கேட்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ளத்தக்க ஆராய்ச்சி இது. 1890இல் இங்கிலாந்தில் ராயும் ஷெரிங்டனும், மூளை தன் தேவைக்கேற்பத் தனது குருதியைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் என்ற கொள்கையை வெளியிட்டனர்.

அளவாகச் சொல்ல வழி பிறந்தது 1940களில்தான். அமெரிக்காவில் சீமோர் கெட்டி, கார்ல் ஷ்மிட் என்னும் இருவர், நோயாளியைச் சிறிதளவு நைட்ரஸ் ஆக்சைடு வளியை மூச்சுடன் இழுக்கச் செய்தனர். மூளைக்குச் செல்லும் குருதியிலும் மூளையிலிருந்து திரும்பும் குருதியிலும் அவ்வளியின் அளவை ஒப்பிட்டு, ஓட்டத்தைக் கணக்கிட்டனர். ஆனால் அது முழு மூளைக்கும் ஒரே சராசரியைத் தந்தது. வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைக் கொண்டு ஒரு மாணவனின் குறையை அறிய முடியாதன்றோ? பகுதி பகுதியாக அளக்கும் முறையை 1960களில் டென்மார்க்கின் நீல்ஸ் லாசனும் சுவீடனின் டேவிட் இங்வாரும் கதிரியக்க வளிகளைக் கொண்டு வளர்த்தனர்.

லயத்துக் குழாய்

இனி, மூளை தன் ஓட்டத்தைக் காத்துக்கொள்ளும் முறையைக் காண்போம். லயங்களில் வாழ்ந்தோர்க்கு எளிதில் விளங்கும் ஓர் உவமை உண்டு.

ஒரு பெரிய தொட்டியிலிருந்து ஒரு முதன்மைக் குழாய் வருகின்றது. அதிலிருந்து வீடுதோறும் கிளைக்குழாய்கள் செல்கின்றன. கடைசி வீட்டு அம்மா தம் குழாயைக் கால் திருகு திறந்தாலே குடம் ஐந்து நிமிடத்தில் நிரம்பும் என வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளில் அவ்வீட்டிற்கு வரும் குழாயின் உட்புறம் துருவேறிச் சுருங்குகின்றது. அவர் அரைத் திருகு திறக்கின்றார்; குடம் முன்போலவே நிரம்புகின்றது. துரு மேலும் ஏறுகின்றது. முழுத் திருகும் திறக்கின்றார். அப்பொழுதும் அதே ஐந்து நிமிடத்தில் குடம் நிரம்புகின்றது. குடத்தை மட்டும் பார்ப்பவர், “இவ்வீட்டில் தண்ணீருக்குக் குறைவில்லை” என்றே சொல்வார். ஆனால் திருகில் இனித் திறக்க இடமில்லை. வீட்டில் திருமணம் வந்து இரண்டு குடம் வேண்டுமென்றால் அப்பொழுதுதான் உண்மை வெளிப்படும்.

மூளையில் திருகின் வேலையைச் செய்பவை நுண்தமனிகள். பெரிய தமனி கொழுப்புப் படிந்து குறுகினால், அதற்கப்பால் உள்ள நுண்தமனிகள் விரிந்து கொடுத்து ஓட்டத்தைச் சமன் செய்கின்றன. குருதியழுத்தம் ஏறினும் இறங்கினும் ஒரு வரம்புக்குள் ஓட்டம் மாறாதிருப்பதும் இவற்றால்தான். இதனை லாசன் 1959இல் தொகுத்துக் காட்டினார். நுண்தமனிகள் இன்னும் எவ்வளவு விரியக்கூடும் என்பதே குருதிச் சேமம்.

விரிய இடமின்றிப் போனால் இரண்டாம் காவல் ஒன்று உண்டு. இயல்பான நிலையில் மூளை தன்னிடம் வரும் உயிர்வளியில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேலாகவே எடுத்துக்கொள்ளும். வறுமை வந்தவிடத்து மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும். அதுவும் போதாதாயின் தொழில் தடைப்படும். 100 கிராமுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 20 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் கையோ நாக்கோ செயலிழக்கும். 10க்கும் கீழே இறங்கி நீடித்தால் உயிரணு மடியும். 50 முதல் 20 வரையுள்ள இடைவெளியில் நோயாளி நடமாடுவார், பேசுவார், பால்மரமும் வெட்டுவார்.

இரண்டு படங்கள்

சோதனை இரண்டு படங்களால் ஆனது. ஒன்று ஓய்வில் எடுப்பது. மற்றொன்று நுண்தமனிகளை வேண்டுமென்றே விரியத் தூண்டிய பின் எடுப்பது.

படம் எடுக்கப் பலவிடங்களில் பயன்படுவது டெக்னீசியம் என்னும் கதிரியக்கத் தனிமம். இதன் கதிரியக்கம் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். இதனை மூளைக்குள் எளிதில் நுழையும் ஒரு மருந்துடன் சேர்த்துக் கைநாளத்தில் ஏற்றுவர். குருதி மிகுதியாகப் பாயும் பகுதியில் அது மிகுதியாகவும், குறைவாகப் பாயும் பகுதியில் குறைவாகவும் சென்று, ஓரிரு நிமிடங்களில் அங்கேயே தங்கிவிடும். பின்னர்த் தலையைச் சுற்றிவரும் கருவி, அங்கிருந்து வெளிப்படும் காமாக் கதிர்களைப் பிடித்துப் படமாக்கும். இம்முறையை மருத்துவர் ‘ஸ்பெக்ட்’ என்பர். படம் தாமதமாக எடுக்கப்பட்டாலும், அது காட்டுவது மருந்தேற்றிய கணத்தின் ஓட்டத்தையே என்பது குறிக்கத்தக்கது.

நுண்தமனிகளை விரியத் தூண்டுவதற்கு அசிட்டசோலமைடு என்னும் மருந்து உதவுகின்றது. இது கண்ணழுத்த நோய்க்கும் மலையேறுவோர்க்கு வரும் நோய்க்கும் கொடுக்கப்படும் பழைய மருந்து. குருதியில் கரியமிலவளி மிகுந்தால் மூளையின் தமனிகள் விரியும் என்பது இயற்கை. இம்மருந்து மூளைத் திசுவில் அவ்வளி மிகுந்தாற்போன்ற நிலையை உண்டாக்குகின்றது. பொதுவாக 1 கிராம் அளவை நாளத்தில் ஏற்றி, 15 அல்லது 20 நிமிடம் பொறுத்து, இரண்டாம் படத்திற்கான கதிர்மருந்தைச் செலுத்துவர். லயத்து உவமையில் சொல்லின், எல்லா வீட்டாரையும் ஒரே நேரத்தில் திருகை முழுதும் திறக்கச் சொல்வதற்கு ஒப்பாகும் இது.

கணக்கு மிக எளிது. மருந்துக்குப் பிந்திய ஓட்டத்திலிருந்து முந்திய ஓட்டத்தைக் கழித்து, முந்திய ஓட்டத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் சேமம் விழுக்காடாகக் கிடைக்கும். விளங்குதற்பொருட்டு மூன்று எடுத்துக்காட்டுகளை நாமே அமைத்துக்கொள்வோம்.

வலப்பக்கத்தில் 50ஆக இருந்த ஓட்டம் 70ஆக உயர்ந்தது. சேமம் 40 விழுக்காடு. இது நலமான மூளையின் இயல்பு. இடப்பக்கத்தில் 45ஆக இருந்தது 46 ஆயிற்று. சேமம் 2 விழுக்காடே; திருகு முன்னரே முழுதும் திறந்திருந்தது என்பது பெறப்படும். மூன்றாவதாக, ஓரிடத்தில் 42ஆக இருந்தது 38ஆகக் குறைந்தது. இது வியப்பாகத் தோன்றலாம். மேல்வீட்டார் யாவரும் திருகைத் திறந்தவுடன் கடைசி வீட்டிற்கு வந்துகொண்டிருந்த நீரும் அவர்களிடம் போய்விட்டது என எண்ணிப் பார்த்தால் ஐயம் நீங்கும். மருத்துவர் இதனை ஓட்டத் திருட்டு என்பர். மூவகையுள் மிக இடர் மிக்கது இதுவே.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குக. ஓய்வுப் படத்தில் 50க்கும் 45க்கும் பெரிய வேறுபாடு இல்லை. முதற்படத்தோடு நிறுத்தியிருந்தால் இருபக்கமும் ஏறக்குறைய நலமே என்று முடிவு செய்திருப்போம். இரண்டாம் படமே உண்மையைச் சொல்லிற்று.

சோதனையின் வரம்புகளையும் கூறுதல் கடன். ஸ்பெக்ட் படம் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மற்றொரு பக்கத்தோடு ஒப்பிட்டே காட்டும். இருபக்கத் தமனிகளும் கெட்டிருந்தால் ஒப்பீடு ஏமாற்றக்கூடும். அசிட்டசோலமைடு சிலர்க்குத் தலைவலியும் விரல் நுனியில் கூச்சமும் தரும். அரிதாகக் கடும் மூச்சுத் திணறலும் நேர்ந்துள்ளது. சல்பா மருந்து ஒவ்வாதவரும் கருவுற்ற பெண்டிரும் அதனை மருத்துவரிடம் முன்னரே கூறிவிட வேண்டும். இதே கேள்வியைக் கேட்க வேறு வழிகளும் உள. சிடி, எம்ஆர்ஐ கருவிகளாலும் ஓட்டத்தைப் படமாக்கலாம். மூச்சைச் சற்று அடக்கச் சொல்லி, மண்டையின் பக்கவாட்டில் ஒலியலைக் கருவியை வைத்துத் தமனியின் ஓட்ட விரைவையும் அளக்கலாம்.

அறிந்தபின் செய்வது என்ன?

சேமம் குறைந்தது என்று கண்டால், புதுக் குழாய் ஒன்றை இணைத்துவிடலாமே என்று எவர்க்கும் தோன்றும். அறுவை வல்லுநர்க்கும் அவ்வாறே தோன்றிற்று. 1967இல் சூரிச் நகரில் யாசர்கில் என்பார், தலைத்தோலுக்கு ஓடும் தமனி ஒன்றை மண்டையோட்டின் வழியே உட்செலுத்தி மூளைத் தமனியுடன் இணைத்தார். இவ்வறுவை விரைவில் பல நாடுகளிலும் பரவிற்று.

ஆனால் தருக்கத்திற்குப் பொருந்துவது யாவும் உண்மை ஆகிவிடாது. சோதித்தே தெளிதல் வேண்டும். 1,377 நோயாளிகளைக் கொண்ட பன்னாட்டு ஆய்வின் முடிவு 1985இல் வெளிவந்தது. அறுவை செய்துகொண்டவர்க்குப் பக்கவாதம் குறையவில்லை. “யாருக்குச் சேமம் குறைவு என்று அளந்து பாராமல் எல்லார்க்கும் அறுவை செய்தனர், அதனாலேயே பயன் காணவில்லை” என்று சிலர் மறுத்தனர். நேர்மையான மறுப்பே. ஆகவே, கழுத்துத் தமனி அடைபட்டு, மூளை உயிர்வளியை மிகுதியாக உறிஞ்சும் நிலையில் இருப்போரை மட்டும் அளந்து தேர்ந்து, அமெரிக்காவில் மற்றோர் ஆய்வு நடத்தினர். 195 பேர் பங்குகொண்ட அதன் முடிவு 2011இல் வந்தது. இரண்டாண்டுகளில் அப்பக்கத்தில் பக்கவாதம் கண்டோர் அறுவைப் பிரிவில் 21.0 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 22.7 விழுக்காடு. வேறுபாடு இல்லை எனலாம். அதே வேளையில், முதல் 30 நாட்களில் பக்கவாதம் கண்டோர் அறுவைப் பிரிவில் 14.4 விழுக்காடு, மற்றதில் 2.0 விழுக்காடே. 2023இல் சீனத்தில் 324 பேரைக் கொண்டு வெளிவந்த ஆய்வும் அறுவையின் மேன்மையை நிறுவவில்லை.

இவற்றிலிருந்து சோதனை வீண் என்று கொள்ளலாகாது. சேமம் குறைந்தவர்க்கு இடர் மிகுதி என்பது மெய்யே. அவ்விடரை நீக்க முனையும் அறுவையும் தன்பங்குக்கு இடர் தருகின்றது என்பதும் மெய்யே. இடரை அறிதல் வேறு, அதற்கு மருந்து அறிதல் வேறு என்பதே இவ்வாய்வுகள் உணர்த்தும் பாடம்.

ஒரு நோயில் மட்டும் புதுக்குழாய் இணைப்பது இன்றும் முதன்மைச் சிகிச்சையாக நிலைபெற்றுள்ளது. அது மோயமோயா என்னும் நோய். மூளையின் அடியிலுள்ள தமனிகள் மெல்ல அடைபட, அவற்றைச் சுற்றி நுண்குழல்கள் புகைபோலப் பரவும். அதனால் ஜப்பானிய அறிஞர் சுசுகியும் தகாகுவும் 1969இல் புகைச்சுருளைக் குறிக்கும் இப்பெயரை வழங்கினர். அரிய நோயே எனினும் ஆசிரியர்கள் அறியவேண்டியது. ஏனெனில் இது சிறுவரையும் தாக்குவது. இந்நோயுள்ள சிறுவன் ஏங்கி ஏங்கி அழுதாலும், புல்லாங்குழல் போன்ற ஊதுகருவியை ஊதினாலும், மூச்சு விரைந்து கரியமிலவளி குறையும். தமனிகள் சுருங்கும், சேமம் இல்லாத பக்கத்தில் குருதி போதாது. கை சோர்ந்து எழுதுகோல் நழுவும். சிறிது நேரத்தில் சரியாகும். இதனைப் பிடிவாதம் என்றோ நடிப்பு என்றோ எண்ணிக் கண்டிக்காமல், பெற்றோரை அழைத்து மருத்துவரிடம் அனுப்புவது ஆசிரியர் கடமை.

நம் வீடும் நாமும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பால்மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டன. லயத்துக் குடும்பங்கள் பலவும் சிரம்பான், பகாவ், போர்ட்டிக்சன் முதலிய ஊர்களின் தாமான்களில் குடியேறிவிட்டன. வேலை மாறிற்று, உணவு பெரிதும் மாறவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, இந்நாட்டு வளர்ந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு இனிப்பு நீர் உண்டு. இந்தியருள் மட்டும் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவரில் ஒருவர். மேலும், ஆசிய மக்களுக்குக் கழுத்துத் தமனியைவிட மண்டைக்குள் இருக்கும் தமனிகளே மிகுதியாகக் குறுகுகின்றன. இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் இக்குறுக்கத்தை வளர்ப்பன. நம்முடைய சேமம் கரைவது பெரும்பாலும் இவ்வழியேதான்.

மண்டைக்குள் குறுகிய தமனியைக் கம்பிவலைக் குழாயால் விரிப்பதும் சோதிக்கப்பட்டது. அமெரிக்காவில் 451 பேரைக் கொண்ட ஆய்வு 2011இல் வெளிவந்தது. முதல் 30 நாட்களில் பக்கவாதமோ மரணமோ கண்டோர் குழாய் வைத்தவருள் 14.7 விழுக்காடு, மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, குருதியழுத்தத்தையும் கொழுப்பையும் அடக்கியவருள் 5.8 விழுக்காடு. தாளில் சுற்றி மருந்தகம் கொடுக்கும் சிறு மாத்திரை அரிய கருவியை வென்றது என்பதை நம் வீட்டுப் பெரியவர்க்கு எடுத்துச் சொல்லலாம்.

இச்சோதனை எங்கும் கிடைப்பதன்று. அணு மருத்துவப் பிரிவுடைய மருத்துவமனைகள் நாட்டில் சிலவே. நமக்கு அண்டையிலுள்ள செர்டாங்கிலும் புத்ராஜெயாவிலும் அத்தகைய பிரிவுகள் உண்டு. யார்க்கு இது வேண்டும் என்பதை நரம்பியல் மருத்துவரே முடிவு செய்வர். ஆனால் படமின்றியே நாம் கவனிக்கக்கூடிய குறிகள் சில உள. படுக்கையிலிருந்து எழும்போதோ, வெயிலில் நெடுநேரம் நீரருந்தாமல் நின்றபின்னோ, வெந்நீரிற் குளித்தபின்னோ ஒரு பக்கக் கை கால் தளர்ந்து அல்லது நடுங்கிப் பின் சரியானால், அது சேமம் குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அத்தகையோர் பட்டினியும் நீர்வேட்கையும் தவிர்க்க வேண்டும். கொதிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தவறு; மறந்த நாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாக விழுங்குவதும் தவறு. முன்னது தமனியைக் கெடுக்கும்; பின்னது அழுத்தத்தைத் திடீரெனத் தாழ்த்தி, விரிய இடமற்ற பகுதியைப் பட்டினி போடும்.

முகம் ஒருபுறம் கோணினால், கை தாழ்ந்தால், பேச்சுக் குழறினால், எண்ணெய்ப் புட்டியைத் தேடாமல் 999ஐ அழைக்க வேண்டும். கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் கொடுத்தால்தான் பயன்படும். பத்து நிமிடத்தில் தானே சரியானாலும் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். ஏனெனில் பெரிய வாதம் தொடருமாயின், பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே தொடர்கின்றது.

வண்டி இன்று ஓடுகின்றது என்பது அடியில் சேம அச்சு உண்டு என்பதற்குச் சான்று ஆகாது. புறநானூற்றின் அப்பாட்டை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், உப்பு வணிகரின் முன்னறிவைப் பாராட்டியதோடு நின்றுவிடாமல், உங்கள் வீட்டில் தாத்தாவும் பாட்டியும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பிள்ளைகளை ஒருமுறை கேட்பாராக. பாடம் வீட்டிற்குச் செல்வதற்கு அது ஒரு வழி.